பக்கவாதத்துக்குப் பின் கை: மெஷின் வாங்குமுன் சில வார்த்தைகள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் வந்த ஒரு கோரிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். பக்கவாதம் வந்து ஒரு கை செயலிழந்தவர்கள் நம் குடியிருப்பிலேயே இரண்டு வீடுகளில் இருக்கிறார்கள். சங்க நிதியிலிருந்து "கரண்ட் வைக்கிற மெஷின்" ஒன்று வாங்கிப் பொது ஹாலில் வைத்தால் அவர்களுக்கு உதவுமே என்று சிலர் கேட்டார்கள். நல்ல மனசோடு கேட்டதுதான். அதனால்தான் ஆம், இல்லை என்று சொல்லுமுன் விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். நான் டாக்டர் இல்லை, பாங்கில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வைத்தியம் பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம் கேட்டே எடுங்கள்.

முதலில், கை ஏன் எழும்பவில்லை? நம் மோட்டார் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. மேலே ஸ்விட்ச் போர்டில்தான் கோளாறு. பக்கவாதத்திலும் அப்படித்தான். கையின் தசை கெடவில்லை, தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பும் கெடவில்லை. "தூக்கு" என்று உத்தரவு போடும் மூளைப் பகுதி அடிபட்டுவிட்டது. ஆனால் மூளைக்கும் ஸ்விட்ச் போர்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. திரும்பத் திரும்ப முயன்றால் மூளை வேறு வழியாக உத்தரவு அனுப்பப் பழகும். முதல் மூன்று மாதங்களில் இந்தப் பழக்கம் வேகமாக நடக்கும். பிறகு மெதுவாகும், ஆனாலும் நின்றுவிடாது.

இப்போது கரண்ட் விஷயத்துக்கு வருவோம். தோலில் பட்டை ஒட்டி லேசான மின்துடிப்பு கொடுத்தால், மூளையின் உத்தரவு இல்லாமலே நரம்பு தூண்டப்பட்டுத் தசை சுருங்கும். 1961-இல் அமெரிக்காவில் லிபர்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், நடக்கும்போது பாதம் தொங்கிவிடும் நோயாளிகளுக்கு இப்படித் துடிப்பு கொடுத்துப் பாதத்தைத் தூக்க வைத்தார்கள். கைக்கு என்றால், முன்கையின் மேற்பக்கத்தில் பட்டை ஒட்டுவார்கள். மணிக்கட்டும் விரல்களும் மேல்நோக்கி விரியும். தோள்மூட்டு நழுவித் தொங்காமல் இருக்கவும் ஆரம்ப நாட்களில் இதைப் பயன்படுத்துவது உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கரண்ட் ஓடும்போது நோயாளி டி.வி. பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் தசைதான் ஆடும், மூளை எதையும் கற்காது. துடிப்பு வரும் அதே நேரத்தில் அவரும் "விரி, விரி" என்று மனதார முயல வேண்டும். விரல் விரிந்ததும் ஒரு டம்ளரைப் பிடித்துவிட வேண்டும். அப்போதுதான் பலன். மேலும், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், அந்த இடத்தில் புண்ணோ உணர்ச்சிக் குறைவோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. பொது ஹாலில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் பொருள் இது இல்லை.

அடுத்தது ரோபோ. பெயரைக் கேட்டு மனித உருவத்தை நினைக்க வேண்டாம். மேஜைமேல் ஒரு பெட்டி, அதில் ஒரு கைப்பிடி, எதிரே திரையில் ஒரு விளையாட்டு. நோயாளி கைப்பிடியை அசைத்தால் திரையில் பொம்மை நகரும். அவரால் முடிகிற இடத்தில் மெஷின் விட்டுக்கொடுக்கும், முடியாத இடத்தில் தள்ளிக்கொடுக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான "மேனஸ்" 1990-களிலேயே நோயாளிகளிடம் பயன்பட்டது. நம் மாநிலத்திலேயே வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து "புளூட்டோ" என்று ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஒரே மோட்டார்தான். மணிக்கட்டை மடக்க ஒரு பிடி, முன்கையைத் திருப்ப ஒரு பிடி, விரல்களைத் திறந்து மூட ஒரு பிடி என்று மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். சின்னதாக, வீட்டுக்கே கொண்டுபோகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நமக்குப் பெருமையான வேலை.

சரி, ரோபோவால் கை வருகிறதா? இங்கேதான் கணக்கைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 770 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2019-இல் "லான்செட்" இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வாரம் மூன்று நாள், தினம் 45 நிமிஷம், 12 வாரம் ரோபோ பயிற்சி. கையின் அசைவு ஓரளவு கூடியது. ஆனால் அன்றாட வேலைக்குக் கை பயன்படுவதில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் முன்னேறவில்லை. இதற்கு மாறாக, 45 ஆய்வுகளையும் 1,619 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு, இப்படிப்பட்ட மெஷின்களால் கையின் பலமும் பயனும் கூடுகிறது என்றது. அந்த முன்னேற்றம் நடைமுறையில் எவ்வளவு பெரிது என்பதில்தான் சந்தேகம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான். மெஷினின் பலம் அது செய்ய வைக்கும் எண்ணிக்கையில் இருக்கிறது. அமெரிக்க, கனடா மருத்துவமனைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. ஒரு பயிற்சி வேளையில் நோயாளி கையால் உருப்படியான வேலை செய்வது சராசரியாக 32 தடவைதான். மூளை பழகுவதற்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். ரோபோ அலுக்காமல் நூற்றுக்கணக்கில் செய்ய வைக்கும். ஆனால் பொம்மையை நகர்த்திய கை, வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைப் போடாவிட்டால் லாபம் குறைவு. ஆர்.டி. கணக்கு மாதிரிதான் இது. பாஸ்புக் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், மாதாமாதம் கட்டினால்தான் முதிர்வு.

கட்டணமே இல்லாத வழிகளும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் வலிக்காக 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். அதே முறை பக்கவாதத்துக்கும் வந்தது. இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அசைத்தபடி அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். விழுந்த கை அசைவது போல மூளைக்குத் தோன்றும். இதுவும் பலன் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இன்னொன்று, விரல்களையும் மணிக்கட்டையும் கொஞ்சமாவது விரிக்க முடிகிறவர்களுக்கு, நல்ல கையில் உறை மாட்டி, பலவீனமான கையாலேயே வேலை செய்ய வைப்பது. 222 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இது நன்றாகப் பலித்தது.

நம் ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சீசன் வந்தால் குற்றாலத்தில் எண்ணெய் மசாஜும் அருவிக் குளியலும் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எண்ணெய் தேய்த்தால் உடம்புக்கு இதமாக இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் தொங்கும் கையைப் பிடித்து இழுத்து, தலைக்குமேல் முறுக்கித் தேய்த்தால் தோள்மூட்டு கெட்டுவிடும். அந்த வலி வந்துவிட்டால் நோயாளி பயிற்சிக்கே வரமாட்டார். ஒருபக்கம் பலமில்லாதவரை வழுக்குப் பாறையில் அருவிக்குக் கீழே நிறுத்தவும் வேண்டாம்.

"வீட்டிலேயே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம், வீட்டாருக்கே சொல்லிக்கொடுத்துப் பயிற்சி தர வைத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. பாசம் தேவைதான், ஆனால் அதுமட்டும் போதாது. நோயாளியின் நிலைக்கேற்பப் பயிற்சியை மாற்றிச் சொல்ல ஒரு பிசியோதெரபிஸ்ட் இடையிடையே வர வேண்டும்.

அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி இயன்முறை சிகிச்சை உண்டு. அரசு சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். பக்கத்து ஆய்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. மெஷினை நம்பித் தொடங்கியதில்லை, விடாமுயற்சியை நம்பித் தொடங்கியது. அங்கே போய் விசாரிக்கலாம்.

ஆகவே, யார் எந்த மெஷினை விற்க வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். நோயாளி தானே முயல வேண்டுமா, சும்மா இருந்தால் போதுமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? யார் மேற்பார்வை? இதனால் வீட்டில் எந்த வேலையைக் கையால் செய்ய முடியும்?

என் யோசனை இது. சங்க நிதியில் மெஷின் வாங்க வேண்டாம். ஹாலின் ஒரு மூலையில் கைவைத்த நாற்காலி, சரியான உயரத்தில் மேஜை, ஒரு கண்ணாடி, டம்ளர், துணி கிளிப், ஒரு நோட்டு ஆகியவற்றை வைப்போம். வாரம் ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் வருவதற்கான கட்டணத்தைச் சங்கம் கொடுக்கட்டும். அவர் பார்த்து, "இவருக்குக் கரண்ட் உதவும்" என்று சொன்னால் அப்போது அதை வாடகைக்கு எடுக்கலாம். மற்ற நாட்களில் நம்மில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கையை நோட்டில் எழுதலாம். திங்கள், வியாழன் என் பொறுப்பு. மீதி நாட்களுக்குப் பெயர் கொடுங்கள்.