பிரேக் போட்டால் பிறக்கும் மின்சாரம்



திண்டிவனம் தாண்டி வரும் இன்றைய விரைவு வண்டி விழுப்புரம் சந்திப்பை நெருங்கி வேகம் குறைக்கும்போது, அதுவரை மின்சாரம் வாங்கிக்கொண்டே வந்த என்ஜின் மின்சாரம் கொடுக்கத் தொடங்குகிறது.

மின்சார ரயில் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. 1960களிலேயே தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை, மீட்டர் கேஜ் பாதைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி வந்துவிட்டது. மிட்சுபிஷி தயாரித்த ஒய்ஏஎம்-1 என்ஜின்கள் ஓடின. தெற்கே போகும் வண்டிகளுக்கு விழுப்புரத்தில் என்ஜின் மாற்றுவார்கள். அங்கிருந்து கரி என்ஜின், பின்னாளில் டீசல். பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

எரித்த கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கரி என்ஜின் இழுவையாக்கவில்லை. அனல் மின் நிலையம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது. 1962 முதல் மின்சாரம் தரும் பக்கத்து நெய்வேலியிலும் வழி அதுதான்: பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும், நீர் ஆவியாக வேண்டும், ஆவி டர்பைனைச் சுழற்ற வேண்டும். வெப்பம் சுழற்சியாகும் அந்த இடத்தில்தான் பெரும்பங்கு கைநழுவிப் போகிறது.

சுழற்சி மின்சாரமாவதிலோ, மின்சாரம் சுழற்சியாவதிலோ அவ்வளவு இழப்பு இல்லை. பெரிய இயந்திரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தேறும். இரண்டு வேலைக்கும் ஒரே இயந்திரம் போதும். காந்தத்தின் அருகே கம்பிச்சுருளை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே காட்டினார். 1873 வியன்னா கண்காட்சியில், கிராம் என்பவர் வடிவமைத்த டைனமோவுக்கு இன்னொரு டைனமோவிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். அது மோட்டாராகச் சுழன்றது!

2023 செப்டம்பரில் வந்த எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் ரயிலும் ஒரே இயந்திரத்தை இப்படித்தான் இரண்டு வேலைக்கும் பயன்படுத்துகிறது. பழைய முறையில் பிரேக் கட்டை சக்கரத்தில் உரசும். வேகம் முழுவதும் சூடாகி வீணாகும். இப்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராகிறது, மின்சாரம் மேலே கம்பிக்கு ஏறுகிறது. அதே கம்பியில் ஓடும் வேறொரு வண்டி அதை எடுத்துக்கொள்ளலாம். அப்படித் திரும்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அனல் நிலையத்தில் மூன்று யூனிட் வெப்பம் தரும் கரி மிச்சம். ஒருமுறை மின்சாரமாகிவிட்ட ஆற்றலை மறுபடி சூடாக்கித் தொலைப்பதைப் போல வீண்செலவு வேறில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மோட்டார் ஜெனரேட்டராவதை வகுப்பிலேயே காட்டுங்கள். பழைய பொம்மைக் காரின் மோட்டாரில் ஒரு சிவப்பு எல்இடி விளக்கை இணையுங்கள். அச்சில் நூலைச் சுற்றி, மாணவர்களையே வெடுக்கென்று இழுக்கச் சொல்லுங்கள். விளக்கு எரியாவிட்டால் வயர்களை மாற்றி இணைத்துப் பாருங்கள்.