மீன் தொட்டியும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சும்



கோலார் தங்கவயலில் ஒரு லைன் வீடு. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. மகன் தினமும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். பேத்தி ஆசைப்பட்டாள் என்று ஒரு கண்ணாடித் தொட்டியும் எட்டுத் தங்க மீன்களும் வாங்கி வந்தார். தங்கவயலில் தங்கம் நின்றுபோனாலும் தங்க மீன் வந்துவிட்டது என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அன்றைக்கே மீன்களை விட்டார்கள். தண்ணீர் பளிங்கு போல இருந்தது. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் மூன்று மீன்கள் செத்து மிதந்தன.

"கண்ணு பட்டுடுச்சு" என்றார் பாட்டி.

மகன் தண்ணீர் முழுவதையும் கொட்டினார். தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். புதுத் தண்ணீர் பிடித்தார். மேலும் இரண்டு மீன்கள் செத்தன. பேத்தி அன்று சோறு தின்னவில்லை.

இது திருஷ்டி அல்ல. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு வருகிறது. தின்னாமல் கிடந்து அழுகும் இரையிலிருந்தும் வருகிறது. அது தண்ணீரில் கரைந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது.

தாத்தாவுக்கு இது சட்டென்று புரிந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கம் அது. அங்கே கெட்ட காற்றும் கண்ணுக்குத் தெரியாதே!

"பார்த்தா சுத்தமாத்தான் இருக்கும்டா. உள்ளே போனா ஆளை அடிச்சிடும்" என்று மகனிடம் சொன்னார்.

அப்படியானால் ஏரி மீன் ஏன் சாவதில்லை? ஏரியில் இந்த நஞ்சைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தில் பிராணவாயு சேரவிடாது. இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. செடிக்கு அது உரம். வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890 வாக்கில் இந்த உயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

புதுத் தொட்டியில் இவை போதிய அளவு இருக்காது. வளர்ந்து நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மகன் தேய்த்துக் கழுவியபோது, வளரத் தொடங்கியவையும் போய்விட்டன. பாவம், நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்.

மீன் வாங்கும் முன்பே தொட்டியைத் தயார் செய்வதுதான் நல்லது. தண்ணீர் ஊற்றி, காற்றுக் குழாயும் பஞ்சு வடிகட்டியும் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை இரை போட வேண்டும். அது அழுகி, நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும். நோயில்லாத பழைய தொட்டியின் பஞ்சு கிடைத்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

இவர்கள் வீட்டிலோ மீதி மூன்று மீன்கள் தொட்டியிலேயே இருந்தன. அதனால் இரையைக் குறைத்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினார்கள். குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும். ஆகவே குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றினார்கள். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினார்கள்.

உப்புப் படியும் போர்வெல் தண்ணீர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். காரத்தன்மை ஏற ஏற அம்மோனியாவின் கொடுமையும் ஏறும். மீன் கடையில் அம்மோனியா பார்க்கும் சொட்டு மருந்து கிடைக்கும். நிறம் மாறுவதை வைத்து நஞ்சின் அளவு தெரியும். மகன் ஒரு புட்டி வாங்கிவந்தார்.

ஒரு காலத்தில் பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் தங்கவயலுக்குக் குழாயில் வந்தது. இப்போது காசு கொடுத்து டேங்கர் தண்ணீர் வாங்குகிற வீடுகள் உண்டு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரைத் தாத்தா வீணாக்கவில்லை. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.

ஆறாவது வாரம் சொட்டு மருந்தில் அம்மோனியா காட்டவில்லை. மூன்று மீன்களும் துள்ளின.

"இன்னும் அஞ்சு மீன் வாங்கிடலாமா?" என்று மகன் கேட்டார்.

"வேணாம்ப்பா. இந்தத் தொட்டிக்கு மூணே ஜாஸ்தி" என்றாள் பேத்தி.