பகலில் தூங்குகிறவர்கள்



விடிந்து சற்று நேரத்தில் வேடசந்தூர்ப் பக்கம் மில் பஸ்கள் ஊருக்கு ஊர் நின்று போகும். முழு நைட் முடித்த பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சோடு இறங்குவார்கள். வீட்டுக்குப் போனதும் படுக்க முடியுமா? குழாயில் தண்ணீர் வரும் நேரம். உலை வைக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பாயை விரிக்கும்போது மணி பத்தாகிவிடும். அதற்குள் தகரக் கூரை சூடேறியிருக்கும்.

திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் காலை 6 முதல் 2, 2 முதல் 10, இரவு 10 முதல் 6 என்று மூன்று ஷிப்ட். வாரத்துக்கு வாரம் மாறும். உடம்பு அத்தனை வேகமாக மாறாது. நம் செல்களுக்குள் ஏறக்குறைய 24 மணி நேரக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. அது ஓடும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்துக்கு நேரம் காட்டுவது வெளிச்சம். பின்னிரவு நாலு மணிவாக்கில் உடல்வெப்பம் இறங்கிக் கண் சொக்கும். அப்போதுதான் அறுந்த இழையை ஓடி ஓடிப் பிணைக்க வேண்டும். காலை வெயில் முகத்தில் பட்டதும் உடம்பு விழித்துக்கொள்கிறது. எவ்வளவு அசதியானாலும் பகல் தூக்கம் பாதியில் கலைவது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லாதீர்கள்.

பெண்களின் இரவு வேலைக்குத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் நிபந்தனைகளோடு நீக்கியது. இரவு வேலை வந்தது. பகலில் அவர்கள் தூங்குவதற்கு வீட்டில் யாரும் வழிவிடவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். தண்ணீர் பிடிப்பதையும் சமையலையும் நைட் ஷிப்ட் வரும் அந்த ஒரு வாரமாவது வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ளலாம். மாசித் திருவிழா மைக்செட்டைப் பகலில் கொஞ்சம் தணித்து வைக்கலாம்.

மில் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். ஷிப்டைக் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றுங்கள். முன்னதாகத் தூங்குவதைவிடத் தள்ளித் தூங்குவது உடம்புக்கு எளிது. ஆள் வரவில்லை என்று நைட் முடித்தவரையே டபுள் ஷிப்ட் பார்க்கச் சொல்லாதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் இரவு இரண்டு மணிக்குமேல் டீயைத் தவிர்க்கலாம். அதன் வேகம் பல மணி நேரம் நிற்கும். வீடு திரும்பும்போது தலைக்குத் துண்டோ குடையோ, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. பகல் ஷிப்ட் வாரத்திலும் தூக்கம் வரவில்லையென்றால், மருந்துக்கடையில் மாத்திரை கேட்காமல் மருத்துவரிடம் போங்கள். எந்த ஷிப்ட், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.