காட்டாறும் நமது ஜீப்பும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஜீப் டிரைவர் பேசியது)

நான் டாக்டரல்ல; மருத்துவக் குழுவை மலைக் கிராமங்களுக்கு ஏற்றிச் செல்லுகிறவன்.

மழைக்காலத்தில் வழியில் காட்டாற்றைக் கடக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, பயமில்லை என்றே நானும் நினைத்திருந்தேன். மேடு ஏறி வந்ததில் டிஃபரன்ஷியல் சூடேறியிருக்கும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, மேலேயுள்ள மூச்சுத் துவாரம் வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. பேரிங் அரைபட்டு வண்டி நின்ற பிறகுதான் ஆயிலை இறக்கிப் பார்த்தேன். பால் காப்பி நிறம். இரண்டு வாரம் மலைக்குப் போகவில்லை. காசநோய் மாத்திரைக்குக் காத்திருந்தவர்கள் நடந்தே இறங்கி வந்தார்கள். அது என் தவறு.

இப்போது முன்னும் பின்னும் அந்தத் துவாரங்களில் ரப்பர் குழாய் மாட்டி, பானட்டுக்குள் உயரத்தில் கட்டியிருக்கிறேன். கரையில் நிறுத்தி, ஆறவிட்டுத்தான் இறங்குகிறேன். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். மழை முடிந்ததும் ஆயிலைச் சோதித்து மாற்றுகிறேன்.

புது வண்டிக்குக் காணிக்கை தரலாமா என்று உங்களில் சிலர் அன்பாய்க் கேட்டீர்கள். இந்த வருடம் எங்களுக்கு வேண்டியது கியர் ஆயிலும் நான்கு சீல்களுமே.