புவி மேலோட்டைக் கேட்பதும் தொடுவதும்
(மாநாட்டுத் தலைமை உரை)



புவி மேலோட்டுக்கு ஓர் அடிப்பக்கம் உண்டு என்பதை நமக்குக் காட்டித் தந்தது நிலநடுக்கம்தான். 1909 அக்டோபர் 8 அன்று சாக்ரெப் நகருக்குத் தெற்கே நிலம் நடுங்கியது. பல நிலையங்களின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்த ஆந்த்ரியா மொகொரோவிச்சிச், ஒரே நடுக்கத்தின் முதன்மை அலை சில நிலையங்களுக்கு இருமுறை வந்து சேர்ந்திருப்பதைக் கண்டார். ஒன்று மேலோட்டின் வழியாகவே வந்தது. மற்றொன்று ஆழத்தில் இறங்கி, அங்கே வேகமெடுத்து ஓடி, மறுபடி மேலேறி வந்தது. சுமார் 50 கி.மீ. ஆழத்தில் ஓர் எல்லை இருந்தால்தான் இது பொருந்தும் என்று அவர் கணக்கிட்டார். கையால் தொடாமல், காதால் கேட்டே கண்டறிந்த எல்லை அது.

தொட்டுப் பார்க்கும் முயற்சிகளும் நடந்தன. 1961இல் பசிபிக் கடலில், சுமார் 3,600 மீட்டர் நீருக்கு அடியில், அமெரிக்கர்கள் துளையிட்டார்கள். கடல்தரைக்குக் கீழே 183 மீட்டர் போனது. 1966இல் திட்டமே கைவிடப்பட்டது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் நடந்தது இதைவிட நமக்கு முக்கியம். 1970இல் தொடங்கிய துளை 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. அந்த நிலத்தில் சுமார் 7 கி.மீ. ஆழத்தில் அதிர்வு அலைகளின் வேகம் கூடுகிறது. கிரானைட் முடிந்து பசால்ட் தொடங்கும் இடம் அது என்று நம்பித்தான் துளையிட்டார்கள். துளை அந்த ஆழத்தைத் தாண்டி இறங்கியது, பசால்ட் வரவில்லை. வந்ததெல்லாம் உருமாறிய பாறை, அதில் நுண்விரிசல்கள், விரிசல்களில் நீர். அடியில் 100 டிகிரி வெப்பத்தை எதிர்பார்த்தவர்களுக்கு 180 டிகிரி காத்திருந்தது. அலையின் வேகத்தை அவர்கள் சரியாகத்தான் அளந்திருந்தார்கள். அந்த வேகத்துக்கு எந்தப் பாறை காரணம் என்று ஊகித்ததில்தான் பிழை நேர்ந்தது. நம் துறையில் ஒவ்வொரு மாணவரும் முதல் ஆண்டிலேயே படிக்க வேண்டிய பாடம் இது என்பது என் உறுதியான கருத்து.

மேலோடு எப்படி இருக்கிறது என்பதோடு, எப்படி நடந்துகொள்கிறது என்பதும் நம் கேள்வி. ஜெர்மனியின் பவேரியாவில் 1994இல் முடிந்த ஆழ்துளை 9,101 மீட்டர் போனது. அந்த ஆழத்தில் சிறிதளவு நீரை அழுத்திச் செலுத்தியதுமே நுண்ணதிர்வுகள் எழுந்தன. பெரிய நடுக்கங்களே இல்லாத அமைதியான நிலத்திலும் மேலோடு உடையும் நிலைக்கு அருகிலேயே இருக்கிறது என்பதை அது உணர்த்தியது. நம் நாட்டில் இதற்குப் பெரும் விலை கொடுத்திருக்கிறோம். கொய்னா அணையில் நீர் தேங்கத் தொடங்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11 அன்று, 6.3 அளவு நிலநடுக்கம் வந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று கில்லாரி நிலநடுக்கத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். தக்காணம் அசையாத நிலம் என்று அதுவரை நம்பியிருந்தோம். கொய்னா பகுதியில் 3 கி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, பசால்ட் அடுக்குகளைத் தாண்டிக் கீழுள்ள பழம்பாறையையே எடுத்துப் பார்த்தது நம் அறிவியலின் பெருமைக்குரிய பணி.

ஆனாலும் இத்துளைகள் எல்லாம் மேல் மேலோட்டோடு நின்றுவிடுகின்றன. 25, 30 கி.மீ. ஆழத்துப் பாறையைத் தொட எந்தத் துரப்பணமும் உதவாது. அந்த ஆழத்துப் பாறை தானாக மேலே வந்து கிடக்கும் நிலங்கள் உலகில் சிலவே. அவற்றுள் ஒன்றில்தான் இன்று நாம் கூடியிருக்கிறோம். இந்தச் சென்னையின் பரங்கிமலையும் பல்லாவரமும் சார்னோக்கைட் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல் அதை உலகுக்கு அறிமுகம் செய்தார்; பின்னர் 1900இல் விரிவான நூலே எழுதினார். பச்சை கலந்த கருமையும் எண்ணெய் பூசியது போன்ற மினுக்கமும் கொண்ட அந்தக் கல் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவான பாறை அது. சேலம், நீலகிரிப் பக்கம் இந்த மாற்றம் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானது. மதுரைப் பக்கமோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் அந்த வெப்பத்தைக் கண்டிருக்கிறது.

பாறையில் முன்பு இருந்த நீர் எங்கே போனது? கர்நாடகத்தின் கப்பால்துர்கா கல்குவாரியில் சாம்பல்நிற நைஸ் பாறையின் நடுவே சார்னோக்கைட் திட்டுத் திட்டாக முளைத்திருப்பதை சி.எஸ். பிச்சமுத்து 1960இல் எழுதினார். ஒரு பாறை இன்னொன்றாக மாறிக்கொண்டிருந்தபோது அப்படியே உறைந்துபோன இடம் அது. இத்தகைய பாறைகளின் குவார்ட்ஸ் மணிகளுக்குள் கரியமில வாயு நுண்குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. கீழிருந்து வந்த அந்த வாயுதான் நீரை விரட்டியது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பாறை ஓரளவு உருகி, உருகிய குழம்பு நீரை எடுத்துக்கொண்டு வெளியேறியது என்பது மற்றொரு சாராரின் வாதம். கீழ் மேலோடு வறண்டிருந்தால் வலுவாக நிற்கும். ஈரமிருந்தால் எளிதில் இளகி நெளியும். ஆகவே இந்த வழக்கைப் பழம்பாறைக்காரர்களின் உள்விவகாரம் என்று நில அதிர்வியலாளர்கள் ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு புதிர். மேலே 25 கி.மீ. அரித்துப் போனதால்தான் இப்பாறைகள் வெளிப்பட்டன. ஆனால் குப்பம் முதல் பழனி வரை நடத்திய அதிர்வு ஆய்வு, இன்றும் அந்நிலத்துக்கு அடியில் ஏறத்தாழ 40 கி.மீ. மேலோடு இருப்பதைக் காட்டியது. அப்படியானால் அது ஒரு காலத்தில் திபெத்தைப் போல 65 கி.மீ. தடித்திருந்ததா? அல்லது மேலே அரிக்க அரிக்க, மேலோட்டுக்குக் கீழுள்ள கவசத்திலிருந்து புதுக் குழம்பு வந்து அடியில் ஒட்டிக்கொண்டதா? அலைப்பதிவை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. பாறையை மட்டும் வைத்தும் முடியாது.

நிகழ்ச்சி நிரலில் அதிர்வியலுக்கு ஓர் அரங்கும் பாறையியலுக்கு வேறோர் அரங்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். அமைப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. நம் துறையே அப்படித்தான் பிரிந்து நடக்கிறது. அதிர்வியலாளர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஆழத்து அலைவேகத்தைச் சொல்லும் ஒவ்வொரு கட்டுரையிலும், அதே நிலத்தில் எடுத்த பாறையை ஆய்வகத்தில் உயர் அழுத்தத்தில் வைத்து அளந்த வேகத்தையும் சேருங்கள். பாறையியலாளர்களிடமும் ஒன்று. புதிதாக வெட்டிய குவாரி முகப்புதான் நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான பக்கம். சில மாதங்களில் அது ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரியேறிவிடும். எடுக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் இடமும் திசையும் குறித்து, ஒரு துண்டைப் பொதுக் காப்பகத்தில் வையுங்கள். அத்தகைய காப்பகத்தை எங்கே, யார் பொறுப்பில் அமைப்பது என்பதை நாளை மாலைக்குள் இந்த அவை முடிவு செய்ய வேண்டும் என்று முன்மொழிந்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.