குரலுக்குப் பால் உண்டோ?



தமிழ் இலக்கணத்தில் ‘குரல்’ என்னும் சொல் அஃறிணை. ஆண்பால், பெண்பால், பலர்பால் ஆகிய மூன்றும் உயர்திணைக்கு உரியவை; அஃறிணைக்கு ஒன்றன்பாலும் பலவின்பாலுமே உண்டு. ஆகவே குரல் ‘வந்தது’ என்றுதான் எழுத முடியும். ‘வந்தான்’ என்றோ ‘வந்தாள்’ என்றோ எழுதினால் பிழை. ஆனால் தொலைபேசியை எடுத்தவுடன் காது இந்த இலக்கணத்தை மறந்துவிடுகிறது. கனத்த குரலுடைய அம்மையாரை ‘சொல்லுங்க சார்’ என்கிறது. மென்குரலுடைய ஆடவரிடம், ‘ஐயா வீட்டில் இருக்கிறாராம்மா?’ என்று வினவுகிறது. வினவப்பட்டவரே அந்த ஐயா!

இவ்விடத்தில் சிரிப்பு எழுவது இயல்பு. அச்சிரிப்பு யாருடையது என்பதே எண்ணத்தக்கது. தொல்காப்பியம் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. முன்னது எளிது, கூட்டத்தில் எவரும் செய்வது. பின்னதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு அதிர்வது ஆடவரிடம் ஏறத்தாழ 120 முறை, பெண்டிரிடம் ஏறத்தாழ 200 முறை என்பது சராசரிக் கணக்கு. பருவ வயதில் ஆண்பிள்ளைகளின் குரல்வளை பெரிதும் வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் விளையும் வேறுபாடு இது. சராசரி ஒரு வேலியாகிவிடாது. அவ்விரண்டு எண்களுக்கும் இடையில் வாழ்வோர் பலர். அவற்றைக் கடந்து மறுபுறம் நிற்போரும் உளர்.

தமிழ் நாடக மேடை இதனை நன்கு அறிந்திருந்தது. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே ‘ஸ்திரீபார்ட்’ ஏற்றுப் பாடினர். ‘மகரக்கட்டு’ வந்து குரல் உடைந்ததும் நேற்றைய தமயந்திக்கு வேடம் போயிற்று. வளர்ந்த ஆடவர் உச்ச சுருதியில் பாடுவதையோ எவரும் குறையாகக் கருதவில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்டியாக வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அந்த உச்சத்தில்தான் நிலைத்தது. அவருடன் மேடையேறிய கே.பி. சுந்தராம்பாள், 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்துப் பாடினார். பின்னர் ஒலிவாங்கியும் பின்னணிப் பாட்டும் நிலைபெற்றன. உரக்கப் பாடவேண்டிய தேவை குறைந்து, ஆடவர் குரலுக்குக் கீழ்ச்சுருதியே அழகு என்னும் வழக்கு வந்தது. மென்குரல் ஆடவர் நகைச்சுவைக் காட்சிக்குத் தள்ளப்பட்டார். தொண்டை அப்படியேதான் இருந்தது, காதுதான் மாறியது.

எள்ளலை எதிர்கொண்ட குரலுக்கு எடுத்துக்காட்டாக வடபுலத்து இசையிலிருந்து ஒருவரைக் கூறலாம். கங்குபாய் ஹங்கல் 1913இல் தார்வாட்டில் பிறந்தவர். அவருடைய அன்னை அம்பாபாய் கர்நாடக இசை பாடியவர். மகளின் இந்துஸ்தானிப் பயிற்சியில் அது கலந்துவிடலாகாது என்று தம் பாட்டையே நிறுத்திக்கொண்டவர். குருவாக வாய்த்த சவாய் கந்தர்வர், நாடக மேடையில் பெண்வேடம் ஏற்றுப் பாடிப் புகழ் பெற்றவர். அவரிடம் கற்பதற்காகக் கங்குபாய் ஹூப்ளியிலிருந்து குந்தகோளுக்கு இரயிலில் சென்று வந்தார். கருமி காசை எண்ணி வைப்பதுபோல் ஒவ்வொரு சுரத்தையும் வைக்க வேண்டும் என்பது குருவின் பாடம் என்று அவர் கூறியதுண்டு.

இளமையில் வெளியான இசைத்தட்டுகளில் அவர் குரல் மெல்லியது; உயர ஏறுவது. பின்னர்த் தொண்டை நோய்க்குச் சிகிச்சை பெற்றபின் அக்குரல் கனத்துக் கீழிறங்கியது. முகம் காணாமல் கேட்பவர் ஆடவர் என்றே கொள்ளும் அளவுக்கு மாறியது. பெண்வேடமிட்ட ஆடவரின் மாணவி, ஆண்குரலில் பாடும் பெண்ணானார்! அந்தக் குரலோடுதான் அவர் பல பத்தாண்டுகள் மேடையில் அமர்ந்தார், 2002இல் பத்ம விபூஷண் பெற்றார், 2009இல் மறைந்தார்.

அவர் கூறிய நகைமொழி ஒன்று புகழ்பெற்றது. பாடும் ஆடவர் முஸ்லிமாயின் உஸ்தாத் ஆகிவிடுகிறார், இந்துவாயின் பண்டிட் ஆகிவிடுகிறார். கேசர்பாய், மோகுபாய் போன்ற பெண்கள் மட்டும் ‘பாய்’களாகவே இருந்துவிடுகின்றனர் என்பது அதன் கருத்து. ‘பாய்’ என்பது அங்குப் பெண்ணின் பெயரோடு சேரும் மரியாதைச் சொல். ஆண்குரல் என்று உலகம் சொன்ன குரலிலிருந்தே இந்த நகை வந்தது என்பதில்தான் அதன் கூர்மை. குரல் மாறினாலும் பட்டம் மாறவில்லை அல்லவா? எள்ளப்படும் இடத்தில் இருந்தவர், எள்ளுவோரின் வழக்கத்தையே நகைக்கு உரியதாக்கிவிட்டார்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. எள்ளப்பட்டவர் தாமும் சிரித்தால்தான் அவையில் இடம் உண்டு என்று ஆகிவிடலாகாது. அப்படிப்பட்ட சிரிப்பு, சுங்கச்சாவடியில் செலுத்தும் கட்டணம் போன்றது. கங்குபாய்க்கு இசை துணை நின்றது. வகுப்பில் செய்யுள் படிக்க எழுந்து, பின்வரிசையின் கேலி கேட்டு அமர்ந்துவிட்ட சிறுவனுக்கு என்ன துணை? தன் கவிதையைத் தோழியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு ஓரமாய் நிற்கும் கனத்த குரல் பெண்ணுக்கு என்ன துணை? அவர்கள் எழுதியது தாளில் வாழும். அவர்களுடைய ஓசையில் அதனை எவரும் கேட்டிருக்கமாட்டார்.

கவிஞர்கள் கூடிய அவையில் இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சங்கப் புலவர்களான ஆடவர் தலைவியாகவும் தோழியாகவும் பேசினர். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியானார். மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் கன்னியர் வாய்மொழியானார். எவரும் நகைக்கவில்லை, கைகூப்பினர். ஏட்டில் படிக்கும்போது கண்ணுக்குத் தெரிந்த இந்த நாகரிகம் கவியரங்கில் காதுக்கும் தெரிதல் வேண்டும்.

ஏழிசையுள் முதலாவதன் பெயரும் ‘குரல்’ என்பதே. அதிலிருந்துதான் மற்றவை எழும். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் அடுத்த கவியரங்கில், ஓரமாய் நிற்பவர் தம் கவிதையைத் தாமே படிக்கட்டும். அவை முதலில் செவி கொடுக்கட்டும். கவிதையில் நகை இருந்தால் அப்போது அனைவரும் சேர்ந்து சிரிக்கலாம்.