சொன்னவர் பெயரைச் சொல்வோம்



சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், இசைக்கும் நாடகத்துக்கும் விளக்கம் சொல்லும்போது எந்தெந்த நூல்களின் துணையோடு எழுதுகிறார் என்பதைப் பெயர் சொல்லியே அறிவிக்கிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ் நூல் என்று ஐந்து நூல்கள். அதோடு அவர் நிற்கவில்லை. பழைய மூல நூல்கள் அழிந்துபோயின என்கிறார். தாம் எடுத்துக்கொண்ட ஐந்தும் ஓரளவுக்குத்தான் பொருந்தும் என்றும் மறைக்காமல் சொல்கிறார். தம் ஆதாரம் எது, அது எவ்வளவு தூரம் தாங்கும் என்ற இரண்டையும் படிப்பவர் முன்னால் வைத்துவிடுகிறார்.

இந்தப் பழக்கத்தால் நமக்குக் கிடைத்த பயன் பெரிது. வளையாபதியும் குண்டலகேசியும் ஐம்பெருங்காப்பியங்களில் இரண்டு. முழு நூலாக அவை நம் கைக்கு வரவில்லை. புறத்திரட்டு என்ற தொகை நூலிலும், உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களிலும் தங்கிய பாடல்கள்தான் மிச்சம். மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றி மயிலை சீனி. வேங்கடசாமி ஒரு தனி நூலே எழுத முடிந்ததென்றால், முன்னோர் பெயர் சொல்லி மேற்கோள் காட்டியது அதற்கு முக்கியமான காரணம். யாப்பருங்கல விருத்தி என்ற யாப்பிலக்கண உரையில் பெயர் குறிக்காத மேற்கோள் பாடல்களும் ஏராளமாக உண்டு. அவற்றில் பலவற்றை யார் பாடினார், எந்த நூலில் பாடினார் என்று இன்றைக்கும் நம்மால் சொல்ல முடியவில்லை.

இன்று முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்களிடம் மேற்கோள் காட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வருவது சதவீதக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு எழுத்துக் களவைத் தடுக்க விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 சதவீதம் வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. முறையாகக் காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. ஆய்வேட்டில் களவு இல்லை என்று நெறியாளரும் சான்று தர வேண்டும்.

விதி தேவைதான். ஆனால் இந்த எண்ணைக் குறைப்பதே குறிக்கோளாகிவிடும்போது ஆய்வு திசைமாறிப் போகிறது. 'கூறுகிறார்' என்பதை 'உரைக்கிறார்' என்று மாற்றி, வாக்கியத்தை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் போட்டால் கணினி காட்டும் எண் குறையலாம். கருத்து இன்னும் அதை முதலில் சொன்ன அறிஞருடையதுதானே? அதைக் கண்டடைய அந்த அறிஞர் செலவிட்ட உழைப்பும் அவருடையதுதானே? சொல்லை மாற்றி எழுதினாலும் அவர் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அவருடைய சொற்களையே எடுத்தாண்டால் பெயரோடு மேற்கோள் குறியும் வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் மூன்று இடங்களில் தனிக் கவனம் கொள்ள வேண்டும்.

முதலாவது, மொழிபெயர்ப்பு. ஆங்கிலக் கட்டுரையின் பத்தி ஒன்றைத் தமிழாக்கி, மூலத்தைச் சொல்லாமல் சேர்த்துக்கொள்வது. தமிழில் எழுதியவர் நான்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடலாம். ஆனாலும் இது களவுதான்.

இரண்டாவது, பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் காட்டுவது. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றை நாம் கண்ணால் கண்டிருக்க மாட்டோம். வேறொருவர் கட்டுரையில் அந்தப் பதிப்புரையிலிருந்து நாலு வரி கிடைத்திருக்கும். அப்படியானால் உ.வே.சா. கூறியதாக இன்னார் காட்டுகிறார் என்று எழுதுவதுதான் நேர்மை. இடையில் இருப்பவர் தவறாகப் படியெடுத்திருந்தால் அந்தத் தவறு நம் கணக்கில் ஏறாது. அதைத் தேடிப் பார்க்கிறவருக்கும் வழி தெரியும்.

மூன்றாவது, பதிப்பு. சிலப்பதிகாரம், பக்கம் இத்தனை என்று மட்டும் எழுதினால் எந்தப் பதிப்பின் பக்கம்? பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், பாடமும் மாறும். எனவே இலக்கியத்துக்குக் காதையும் அடி எண்ணும், அல்லது பாடல் எண்ணும் தர வேண்டும். பட்டியலில் ஆசிரியர், நூல், பதிப்பாசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். இணையத்தில் படித்ததற்கு முகவரியும் பார்த்த தேதியும் தர வேண்டும்.

தெரிந்தே திருடுகிறவர்கள் ஒரு புறம் இருக்க, குறிப்பு எடுக்கும்போது வரும் கவனக்குறைவாலும் இந்தப் பழி வந்து சேரும். நோட்டில் ஒரு வரியை எழுதிவைத்து, யார் எழுதியது என்று குறிக்காமல் விட்டால், இரண்டு ஆண்டு கழித்து அது நம் வரியாகவே தோன்றும். ஆகவே வரியை எழுதும் முன் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதுங்கள். அப்படியே எடுத்த வரி, சுருக்கி எழுதியது, உங்கள் சொந்தக் கருத்து, இந்த மூன்றையும் தனித்தனி மையில் எழுதினாலும் நல்லதே.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மேற்கோள் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவை சில நேரம் இல்லாத நூலையும் எழுதப்படாத கட்டுரையையும், ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கத்தோடு தந்துவிடும். நூலைத் திறந்து, அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் அடிக்குறிப்பில் ஏற்றாதீர்கள்.

ஆய்வேட்டில் விட்ட குறை பல ஆண்டு கழித்தும் கேள்விக்கு உள்ளாகலாம். ஜெர்மனியின் கல்வி, ஆராய்ச்சித் துறை அமைச்சராக இருந்தவர் ஆனெட் ஷாவான். 1980இல் அவர் தந்த ஆய்வேட்டில் பிறர் எழுத்தை உரிய குறிப்பின்றி எடுத்தாண்டார் என்று சொல்லி, டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகம் 2013இல் அவருடைய முனைவர் பட்டத்தைப் பறித்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார், ஆனாலும் பதவி விலகினார். 33 ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் ஆய்வேட்டை எடுத்து ஒருவர் வரிக்கு வரி சரிபார்க்கலாம். இன்று நம் ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்பட்டு, எவரும் படிக்கும்படி இருக்கின்றன.

மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்தால் மட்டும் நல்ல ஆய்வு பிறக்காது. பள்ளியில் செயல்திட்டம் எழுதும் பிள்ளையிடம், இதை எங்கே படித்தாய் என்று ஆசிரியரும் பெற்றோரும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். புத்தகத்தின் பெயரைக் கீழே எழுதிய பிள்ளைக்கு அதற்கென்று இரண்டு மதிப்பெண் கூடத் தர வேண்டும். நெறியாளர்கள் மென்பொருள் தரும் அறிக்கையோடு நிற்காமல், ஆய்வேட்டிலிருந்து பத்து அடிக்குறிப்புகளையாவது மூல நூலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறரிடம் பெற்றதைப் பெயர் சொல்லித் தனியே காட்டினால்தான், நாமாகக் கண்டது எது என்று படிப்பவருக்குத் தெரியும். ஆய்வாளருக்கு உரிய பெருமையும் அங்கேதான் இருக்கிறது.